சிகிச்சை முடிந்த பிறகும் ஒரு துணை வேண்டும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புற்றுநோய் என்றால் தோட்டத்து மக்கள் இன்றும் குரலைத் தாழ்த்திக் கொள்கிறார்கள். பெயரைச் சொல்லாமல் 'அந்த வியாதி' என்பார்கள். வந்தால் போய்ச் சேர வேண்டியதுதான் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்து போயிருக்கிறது. ஆனால் நிலைமை மாறிவிட்டது. மலேசிய சுகாதார அமைச்சு 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 2007 முதல் 2011 வரை புற்றுநோய் கண்டவர்களை 2016 வரை தொடர்ந்து கணக்கெடுத்தது. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களின் ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் 66.8 விழுக்காடு என்று அது சொன்னது. அதாவது ஏறக்குறைய மூவரில் இருவர். முதல் கட்டத்திலேயே கண்டுபிடித்தால் 87.5 விழுக்காடு. நான்காம் கட்டத்தில்தான் அது 23.3 விழுக்காடாகச் சரிகிறது.

முன்னதாகவே பரிசோதனை செய்து கொள்ளுங்கள் என்று எல்லா மேடைகளிலும் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் சிகிச்சை முடிந்து பிழைத்து வீடு திரும்பியவர் என்ன ஆனார் என்று கேட்பவர்கள் குறைவு. அடுத்த ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு அவர் மருத்துவமனைக்கு ஒழுங்காகப் போகிறாரா? மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா? கூட யார் போகிறார்கள்? இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முடிந்தது என்ற மயக்கம்

கடைசி ஊசி போட்டாயிற்று, கதிர்வீச்சும் முடிந்தது என்றதும் வீட்டில் எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். கோயிலில் அர்ச்சனை செய்கிறார்கள். உறவினர்கள் பழம் வாங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆறு மாதம் கழித்து யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நோயாளியும் எடுப்பதில்லை. எடுத்தால் நோய் திரும்பி வந்துவிடும் என்ற பயம்.

மருத்துவம் வேறு மாதிரி பார்க்கிறது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவரை முதல் மூன்று ஆண்டுகள் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும். நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. இதோடு ஆண்டுதோறும் மேமோகிராம் படம் எடுக்க வேண்டும். ஹார்மோன் சார்ந்த வகை என்றால் தமோக்சிபென் போன்ற மாத்திரையைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் தினமும் சாப்பிட வேண்டும். பத்து ஆண்டுகள் வரை சாப்பிட்ட பெண்களிடம் நோய் திரும்புவது மேலும் குறைந்தது என்று 2012-இல் வெளிவந்த அனைத்துலக ஆய்வு ஒன்று காட்டியது.

வாய்ப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்து கொண்டவர்களை இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும். முதல் ஆண்டில் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாயையும் கழுத்தையும் சோதிக்க வேண்டும். நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான். அந்த நேரத்தில் தேதியைத் தவறவிட்டால், சிறிதாக இருந்தபோது வெட்டி எடுத்திருக்கக் கூடிய கட்டி கைமீறிப் போய்விடும்.

ஆகவே சிகிச்சைக்குப் பிந்திய ஐந்தாண்டும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். ஊசி போட்டதைப் பாதியில் விட்டவரை எல்லாரும் கடிந்து கொள்கிறோம். தேதியைத் தவறவிட்டவரை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

சி ரூசாவிலிருந்து புறப்பட்டால்

நெகிரி செம்பிலானின் கடற்கரைப் பக்கத்தை எடுத்துக் கொள்வோம். போர்ட்டிக்சன் மருத்துவமனை சி ரூசாவில் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் விபத்துக்கும் அது பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. ஆனால் புற்றுநோய் என்று வந்தால் நோயாளியைச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். சிறப்புச் சிகிச்சைக்குப் புத்ராஜெயாவில் 2013-இல் திறக்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கழகம் வரை போகிறவர்கள் உண்டு. அது ஏறக்குறைய இரு மடங்கு தூரம்.

சுங்காலா, சுவா பெத்தோங் பக்கம் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். வயது ஐம்பத்தெட்டு. முப்பது ஆண்டுகள் கித்தா மரத்தில் பால் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடு போய்த் தாமானில் மலிவு விலை வீடு வந்தது. கணவர் இல்லை. மகள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, மகன் லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்கு ஒரு மார்பகத்தை எடுத்துவிட்டார்கள்.

சிரம்பானில் காலை எட்டரை மணிக்குத் தேதி. பஸ்ஸில் போர்ட்டிக்சன் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, சிரம்பானில் இறங்கி, மறுபடியும் மருத்துவமனைக்கு வண்டி பிடிக்க வேண்டும். விடியுமுன் கிளம்ப வேண்டும், திரும்பச் சாயங்காலம் ஆகும். நிபுணரைப் பார்க்க அரசாங்கக் கட்டணம் ஐந்து வெள்ளிதான். ஆனால் வண்டிக் கூலி, சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேர்ந்தால் அந்த ஐந்து வெள்ளி பல மடங்காகிவிடுகிறது.

மகள் லீவு போடுகிறேன் என்கிறாள். "வேணாம்மா, சும்மா பார்த்துட்டு அடுத்த தேதி எழுதிக் கொடுப்பாங்க, அவ்வளவுதான். எனக்கு ஒண்ணும் செய்யலை" என்கிறார் அம்மா. பாசத்தினால் சொல்லும் வார்த்தை அது. பிள்ளைக்குச் சம்பளம் போகக் கூடாதே என்ற கவலை. வேலை செய்யும் நோயாளிக்காவது சட்டப்படி மருத்துவ விடுப்பு உண்டு. நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிற மகளுக்கு அது கிடையாது. இப்படித்தான் ஒரு தேதி தவறுகிறது. ஒரு தேதி தவறினால் அடுத்ததற்குப் போக வெட்கம். டாக்டர் திட்டுவார் என்ற பயம். மூன்றாவது தேதிக்கு அட்டையையே தேட மாட்டார்கள்.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

அடுத்த தடை மொழி. தேதி அட்டை மலாயில் இருக்கும். மாத்திரைப் பையிலும் மலாய்தான். டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசுவார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட நம் தாய்மார்கள் சந்தையில் பேசுகிற அளவுக்கு மலாய் பேசுவார்கள். ஆனால் 'மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் படுகிறது' என்பதை, அதுவும் ஓர் ஆண் மருத்துவரிடம், எந்த மொழியில் சொல்வது? மகனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

இது சிறிய விஷயம் அல்ல. தமோக்சிபென் சாப்பிடும் பெண்களில் மிகச் சிலருக்குக் கருப்பையில் கோளாறு வரக்கூடும். மாதவிலக்கு நின்றவருக்கு மறுபடி இரத்தம் பட்டால் தள்ளிப்போடாமல் சொல்ல வேண்டும். வெட்கத்தினால் அதை மறைப்பவர்கள் உண்டு. 'மாத்திரை சூடு' என்று தாங்களாகவே முடிவு செய்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து.

இதில் தமிழர்கள் மட்டும் தனியாக நிற்கவில்லை. இதே மாவட்டத்தின் மலாய்க் கம்பத்துப் பெண்ணுக்கும், புதுக்கிராமத்துச் சீனப் பாட்டிக்கும், நெகிரி செம்பிலானின் தெமுவான் பூர்வகுடிப் பெண்ணுக்கும் தடைகள் உண்டு. ஒருவருக்கு மொழி, ஒருவருக்குத் தூரம், ஒருவருக்குப் பாரம்பரிய வைத்தியத்தின் மேல் உள்ள நம்பிக்கை, இன்னொருவருக்குக் குடும்பத்தின் சம்மதம். நோய் ஒன்றுதான். தடைதான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. அதனால் எல்லாருக்கும் ஒரே துண்டுப் பிரசுரத்தை அச்சடித்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது.

எண்கள் சொல்லும் பாடம்

முன்பு சொன்ன 2018 ஆய்வு மார்பகப் புற்றுநோயின் ஐந்தாண்டு பிழைப்பு விகிதத்தை இனவாரியாகவும் கொடுத்தது. சீனப் பெண்கள் 76.5 விழுக்காடு, இந்தியப் பெண்கள் 70.5 விழுக்காடு, மலாய்ப் பெண்கள் 57.9 விழுக்காடு. ஒரே நாடு, ஒரே அரசாங்க மருத்துவமனைகள், ஆனால் இத்தனை இடைவெளி. எந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்கு வந்தார்கள், சிகிச்சையை முழுமையாக முடித்தார்களா என்பவை இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணங்கள் என்று ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள்.

இந்தியர்கள் நடுவில் இருப்பதைப் பார்த்து ஆறுதல் அடைய இடமில்லை. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி நாட்டில் புற்றுநோயாளிகளில் 63.7 விழுக்காட்டினர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். வாய்ப் புற்றுநோய் மற்ற இரு பெரிய இனத்தவரைக் காட்டிலும் இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம், அதிகம். வெற்றிலை பாக்கு போடும் வழக்கமே அதற்குப் பெரிய காரணம். புகையிலை சேர்க்காமல் போட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் அறிவித்தது. வாயில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்த பாட்டி, 'புகையிலையை விட்டுட்டேன், வெறும் பாக்குதான்' என்று மறுபடி தொடங்கினால் இரண்டாவது புற்றுநோய்க்கு வாசலைத் திறந்து வைக்கிறார் என்று பொருள்.

ஹார்லமும் கிள்ளானும்

இந்தத் தடைகளை உடைக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஹார்லம் பகுதியில் ஏழைக் கறுப்பின மக்கள் அதிகம். அங்குள்ள பொது மருத்துவமனையில் டாக்டர் ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் வேலை செய்தார். 1986 வரையிலான இருபத்திரண்டு ஆண்டுகளில் அங்கே வந்த மார்பகப் புற்றுநோயாளிகளில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 39 விழுக்காடு மட்டுமே. 1990-இல் அவர் புதிய ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார். நோயாளிக்கு ஒரு வழித்துணை. அவர் டாக்டர் அல்ல. நோயாளியின் பேச்சும் பழக்கமும் தெரிந்தவர். தேதியை நினைவுபடுத்துவார், வண்டிக்கு ஏற்பாடு செய்வார், பாரம் நிரப்பிக் கொடுப்பார், புரியாததை டாக்டரிடம் கேட்டுச் சொல்வார். இலவசப் பரிசோதனையும் இந்த வழித்துணையும் சேர்ந்து வந்த பிறகு, 1995 முதல் 2000 வரை சிகிச்சை பெற்றவர்களின் ஐந்தாண்டு பிழைப்பு 70 விழுக்காட்டுக்கு உயர்ந்தது.

நியூயார்க் வேறு, நம் ஊர் வேறு என்று சொல்ல வேண்டாம். கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் கேன்சர் ரிசர்ச் மலேசியா அமைப்பு இதே போன்ற திட்டத்தை மார்பகப் புற்றுநோயாளிகளுக்காகத் தொடங்கியது. தாதியர் நோயாளிகளுக்கு வழித்துணையாக இருந்தார்கள். 2018-இல் வெளிவந்த அதன் ஆய்வின்படி, சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் திட்டத்துக்கு முந்திய ஆண்டில் 11.5 விழுக்காடு, திட்டம் வந்த பிறகு 4.4 விழுக்காடு. புதிய மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆள் துணை மட்டும்தான் புதிது. இது சிகிச்சைக் காலத்துக் கணக்கு. சிகிச்சை முடிந்த பிறகு மருத்துவமனையின் கண்காணிப்பும் குறைந்துவிடுவதால், அப்போது துணை இன்னும் அதிகமாகவே தேவைப்படுகிறது.

ஒரு தாளின் பலம்

2005-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை ஒன்று, புற்றுநோயிலிருந்து மீண்ட ஒவ்வொருவர் கையிலும் சுருக்கமான ஒரு குறிப்பு இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. என்ன நோய், எந்தக் கட்டம், என்ன அறுவைச் சிகிச்சை, என்ன மருந்து, எங்கே கதிர்வீச்சு, இனி என்ன சோதனை, எப்போது, யாரிடம் என்பது அதில் இருக்க வேண்டும்.

தோட்டத்து மக்களுக்கு இந்தத் தாள் மிகவும் அவசியம். 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டு மக்களின் சராசரி 18.3 விழுக்காடு. ஆகவே புற்றுநோயிலிருந்து மீண்ட நம்மவர்களில் பலர் இனிப்பு நீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பக்கத்து அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்கு எப்படியும் போகிறார்கள். அந்தக் கிளினிக் டாக்டரிடம் இந்தத் தாளைக் காட்டினால், சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தால் அவரே சிரம்பானுக்குக் கடிதம் எழுதுவார். சிகிச்சை முடிந்து வரும்போது நிபுணரிடம் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மார்பகமும் அக்குள் நெறிகளும் எடுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கக் கூடும். ஆண்டுகள் கழித்தும் வரலாம். அந்தக் கையில் செம்பனை முள் குத்தினாலோ, கத்தி கீறினாலோ, அடுப்பில் சுட்டுக்கொண்டாலோ உடனே சோப்பு நீரால் கழுவி மருந்து போட வேண்டும். சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

வாய், தொண்டைப் பகுதியில் கதிர்வீச்சு வாங்கியவர்கள் பல் பிடுங்குவதற்கு முன் பல் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக் கூடும். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குத் தைராய்டு குறைவதும் உண்டு. காரணமில்லாத சோர்வு, குளிர் தாங்காமை, உடல் பருத்தல் இருந்தால் இரத்தச் சோதனை கேட்க வேண்டும்.

புதிதாகக் கட்டி, விடாத எலும்பு வலி, மூச்சு முட்டல், ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத எடைக் குறைவு இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மனச்சோர்வையும் மறக்க வேண்டாம். மார்பகத்தை இழந்த பெண் கல்யாண வீட்டுக்குப் போகத் தயங்குகிறார். முகத்தில் அறுவைச் சிகிச்சை செய்தவர் பிறர் முன்னால் சாப்பிடக் கூசுகிறார். 1986-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் நல்வாழ்வுச் சங்கம் போன்ற அமைப்புகளில், அதே நோயிலிருந்து மீண்ட பெண்களே வந்து பேசுகிறார்கள். அந்தப் பேச்சு தரும் தெம்பு தனி.

உதவி இருக்கிறது, கேட்க வேண்டும்

குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019-இல் அரசாங்கம் பெக்கா பி40 திட்டத்தைத் தொடங்கியது. சுகாதாரப் பரிசோதனை மட்டுமல்ல, அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் அதில் அறிவிக்கப்பட்டது. தகுதி உண்டா என்று மருத்துவமனையிலேயே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். 1994-இல் தொடங்கிய மக்னா எனப்படும் தேசியப் புற்றுநோய் மன்றம் ஏழை நோயாளிகளுக்குப் பண உதவி செய்கிறது. சொக்சோவில் சந்தா கட்டியவர், நோயினால் முன்போல் சம்பாதிக்க முடியாமல் போனால் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் சொக்சோவில் 2007 முதல் உண்டு.

இவை எல்லாம் இருந்தும் பாரம் நிரப்பத் தெரியாமல் விட்டுவிடும் குடும்பங்கள் எத்தனை? இங்கேயும் தேவைப்படுவது துணைதான்.

கோயில் மண்டபத்திலிருந்து தொடங்கலாம்

ஒரு காலத்தில் தோட்டத்தில் டிரஸ்ஸர் இருந்தார். யாருக்கு என்ன வியாதி, யார் மருந்து வாங்க வரவில்லை என்று அவருக்குத் தெரியும். வராதவருக்கு ஆள் அனுப்புவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிய பிறகு அப்படி விசாரிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. மருந்து மேம்பட்டது. விசாரிப்பு போய்விட்டது.

அதை மீட்கப் பெரிய பணம் தேவையில்லை. சி ரூசா வட்டாரத்திலும் கோயில் நிர்வாகங்களும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், மாதர் பிரிவுகளும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று முன்வந்து நான்கு காரியங்களைச் செய்தால் போதும். ஓய்வு பெற்ற தாதியையோ ஆசிரியையையோ துணையாக நியமிக்கலாம். மீண்டவர்கள் சம்மதித்தால் அவர்களின் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி, மூன்று நாளுக்கு முன்னால் போன் செய்து நினைவுபடுத்தலாம். சிரம்பானுக்குப் போகிறவர்கள் முடிந்தவரை ஒரே நாளில் தேதி கேட்டு வாங்கி, ஒரே வேனில் போய் வரலாம். நான்காவதாக, அதே வேனில் பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண்ணுக்கும் சீனப் பாட்டிக்கும் இடம் கொடுக்கலாம். காத்திருக்கும் நாற்காலியில் எல்லாரும் ஒன்றாகத்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். நோயாளியின் விஷயம் ஊர்ப் பேச்சாகக் கூடாது. நோட்டில் பெயரும் தேதியும் போதும், நோய் எழுத வேண்டாம். நம்பிக்கை ஒரு முறை உடைந்தால் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார்.

ஒரு வீட்டில் ஓர் அம்மா பிழைத்து வந்திருக்கிறார் என்றால் அதற்குள் அரசாங்கத்தின் பணமும், மருத்துவர்களின் உழைப்பும், அவர் பட்ட வலியும் அடங்கியிருக்கின்றன. ஒரு பஸ் தவறியதால் அத்தனையும் வீணாகக் கூடாது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள்: "அம்மா, அடுத்த தேதி எப்போ? நான் கூட வர்றேன்."